வானில் ஒரு மணி, வழியில் ஒரு பகல்

விருத்தாசலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் சாலையில், இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே அமைந்திருப்பது மங்கலம்பேட்டை. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த பேரூர் இது. முந்திரித் தோப்புகளும் மானாவாரிக் கொல்லைகளும் சூழ்ந்த இவ்வூரின் கடைத்தெருவில் நின்று, “இங்கிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?” என்று ஒருவர் வினவினால், கேட்போர் புன்முறுவல் பூப்பர். “கடலுக்கு அப்பால் உள்ள ஊராயிற்றே! நெடுந்தொலைவு இருக்குமே” என்பதே அவர்தம் விடையாக இருக்கும்.

ஆயினும், நிலப்படத்தை விரித்து அளந்து பார்ப்போமாயின் வியப்பே மேலிடும். பறவை பறக்கும் நேர்கோட்டில் மங்கலம்பேட்டைக்கும் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையில் உள்ள பலாலி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 220 கி.மீ. மட்டுமே. இதே ஊரிலிருந்து சாலை வழியாகச் சென்னைக்குச் செல்லும் தொலைவும் ஏறத்தாழ அவ்வளவுதான். சென்னையை நாம் அயலூர் என்று கருதுவதில்லை. காலையில் சென்று இரவில் திரும்புவோரும் உண்டு. அங்ஙனமாயின், அதே தொலைவிலுள்ள யாழ்ப்பாணம் மட்டும் எட்டாத ஊராகத் தோன்றுவது ஏன்? தொலைவு என்பது வேறு, பயண நேரம் என்பது வேறு என்ற உண்மையைத்தான் இக்கேள்வி நமக்கு உணர்த்துகிறது. அதனைச் சற்று விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் இரண்டு ஓடுதளங்கள்

மங்கலம்பேட்டையைச் சுற்றி விமான நிலையமே இல்லை என்று கூறிவிட முடியாது. இரண்டு ஓடுதளங்கள் மிக அண்மையிலேயே உள்ளன. வடக்கே உள்ள உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரசு அமைத்த ஓடுதளம் ஒன்று உண்டு. சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றி, வங்கக் கடலிலும் ஊடுருவிய காலம் அது. கிழக்குக் கரையைக் காக்கவேண்டித் தமிழகத்தில் சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு முதலிய இடங்களில் ஓடுதளங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றுதான் உளுந்தூர்ப்பேட்டை. போர் முடிந்தது, விமானங்கள் சென்றன, தளம் மட்டும் எஞ்சியது. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானப் போக்குவரத்து அங்கே உருவாகவில்லை.

கிழக்கே உள்ளது நெய்வேலி. 1956ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நகரம் அது. அந்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடியிருந்த மேல்மண்ணில் கிடைத்த களிமண்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் தழைக்கக் காரணமாயிற்று என்பதை இவ்வட்டாரத்தார் யாவரும் அறிவர். நெய்வேலியில் அந்நிறுவனத்துக்கென ஓர் ஓடுதளம் அமைந்தது. 1981ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வாயுதூத் நிறுவனத்தின் சிறிய விமானங்கள் ஒரு காலத்தில் அங்கிருந்து சென்னைக்குப் பறந்தன. நாளடைவில் அவை நின்றுபோயின. சிற்றூர்களை வான்வழியால் இணைக்கும் நடுவண் அரசின் ‘உடான்’ திட்டத்தில், 2017ஆம் ஆண்டு வெளியான முதற் பட்டியலிலேயே நெய்வேலியின் பெயரும் இடம்பெற்றது. அதே பட்டியலில் இருந்த சேலத்திற்கு 2018 மார்ச்சுத் திங்களில் விமானம் வந்தது. நெய்வேலிக்கோ அறிவித்தபடி வரவில்லை.

ஆக, ஓர் ஓடுதளம் போருக்காகப் பிறந்தது. மற்றொன்று நிலக்கரிக்காகப் பிறந்தது. கடல் கடந்து செல்ல விரும்பும் மங்கலம்பேட்டைக் குடும்பத்துக்கு இரண்டுமே உதவுவதில்லை.

தொலைவை அளக்கும் முறை

இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட வான்வழித் தொலைவை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளும் இதனைச் செய்து பார்க்கலாம். பூமி உருண்டை வடிவினது. அதன்மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் பகுதியாக அமையும். நீண்ட பயணங்களில் அவ்வளைவு நன்கு புலப்படும். குறுகிய தொலைவுகளுக்கோ அதனை நேர்கோடு என்றே கொள்ளலாம்.

அட்சரேகையில் ஒரு பாகை என்பது அறுபது கலை. ஒரு கலைக்குரிய தொலைவு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. இவ்வொரு செய்தி தெரிந்தால் போதும். நெய்வேலி ஓடுதளம் ஏறத்தாழ 11 பாகை 37 கலை வடக்கில் உள்ளது. பலாலி 9 பாகை 47 கலை வடக்கில் உள்ளது. இரண்டுக்கும் வேறுபாடு 110 கலை. ஆகவே தென்திசையில் 110 கடல் மைல். தீர்க்கரேகையில் வேறுபாடு ஏறத்தாழ 32 கலை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிவதால், நம் பகுதியில் இதனைச் சற்றுக் குறைத்து 31 கடல் மைல் எனலாம். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், கர்ணம் 114 கடல் மைல் என வரும். அதாவது ஏறத்தாழ 210 கி.மீ.

இத்தகைய குறுகிய வழிகளில் பெரிதும் பயன்படுவது ஏ.டி.ஆர். 72 என்னும் இரட்டைச் சுழலி விமானம். எழுபது பேருக்கு மேல் அமரலாம். அது மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கவல்லது. அவ்வேகத்தில் 210 கி.மீ. தொலைவை 25 நிமிடங்களில் கடந்துவிடலாம் என்று கணக்கு கூறும். ஆனால் விமானம் தரையில் ஊர்ந்து ஓடுதளத்தை அடைய வேண்டும். மெல்ல மேலேற வேண்டும். இறங்குமுன் வேகம் தணிந்து வரிசையில் நிற்க வேண்டும். ஆதலின் அட்டவணையில் 50 நிமிடமோ ஒரு மணியோ குறிப்பார்கள். பயணம் குறுகக் குறுக, இவ்வாறு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் செலவாகும் பங்கு பெருகும் என்பது விமானப் பயணத்தின் இயல்பு.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கே. நெய்வேலியிலிருந்து பலாலிக்கு விமானம் கிடையாது.

திறந்தும் மூடியும் வந்த வான்வழி

பலாலித் தளமும் உளுந்தூர்ப்பேட்டைத் தளத்தின் உடன்பிறப்பே ஆகும். அதுவும் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படைக்காக அமைந்ததுதான். ஆனால் அதன் வாழ்வு வேறு வழியில் சென்றது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இறங்கி, பின்னர் சென்னையை அடைந்தது. இலங்கை விடுதலை பெறுவதற்கு இரண்டு திங்கள் முன்னரே நிகழ்ந்த பயணம் அது. அன்று பறந்தது ‘டக்கோட்டா’ எனப்படும் டி.சி. 3 வகை விமானம். மணிக்கு 270 கி.மீ. அளவே அதன் வேகம். பலாலிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 355 கி.மீ.; ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்திருக்கலாம்.

ஏர் சிலோன் நிறுவனம் 1970களின் இறுதியில் மறைந்தது. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. 1983 முதல் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் கடல் கடந்து நம் கரையை அடைந்தனர். பலாலி மீண்டும் படைத்தளமாயிற்று. 1990ஆம் ஆண்டு அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். செம்மண் தோட்டங்களும் கோயில்களும் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. அந்நிலங்களில் ஒரு பகுதியே பின்னாளில் சிறிது சிறிதாக உரியவர்களிடம் திரும்பி வந்தது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். குறுகிய பயணமும் உயிர்ப்பயணமாக இருந்த காலம் அது.

அந்நாள்களில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர் முதலில் கொழும்புக்குப் பறந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலே தென்திசை நோக்கிப் பறந்துபோய், பின்னர் 400 கி.மீ. வடக்கு நோக்கித் தரைவழியே திரும்பி வருவதற்கு அது ஒப்பாகும். தரைவழியும் எப்போதும் திறந்திருக்கவில்லை. கண்டி வீதி எனப்படும் ஏ9 நெடுஞ்சாலை 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, போர் முடிந்த 2009க்குப் பின்னரே வழக்கநிலையை அடைந்தது. 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபரில்தான் திரும்பி வந்தது.

இறுதியாக, 2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. அடுத்த திங்களில் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையிலிருந்து கிழமைக்கு மூன்று முறை பறக்கத் தொடங்கியது. கொரோனாக் கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் நின்ற அப்பயணம், 2022 டிசம்பரில் தொடர்ந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தலைப்பட்டது. 2025 மார்ச் 30 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்தும் நேரடி விமானம் தொடங்கிற்று. திருச்சிக்கும் பலாலிக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 185 கி.மீ.; பறக்கும் நேரம் அட்டவணைப்படி ஒரு மணி அளவே.

இங்கு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். 1947இல் டக்கோட்டா எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் இன்றைய விமானம் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் வேறுபாடு மிகச் சிறிதே. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்த விமான அறிவியல் இவ்வழியில் நமக்கு மிச்சப்படுத்தித் தந்தது சில நிமிடங்களே எனலாம். ஆனால் நடுவே நாற்பது ஆண்டுகள் அவ்வழி மூடிக் கிடந்ததால் பயணிகள் இழந்தவை நாள்கள், வாரங்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதுமே.

ஒன்பது மணிக் கணக்கு

மங்கலம்பேட்டைக் குடும்பம் ஒன்றின் மகளை யாழ்ப்பாணத்தில் மணமுடித்துக் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். அவளுடைய மாமனார் காலமானார் என்று விடியற்காலையில் செய்தி வருகிறது. சம்பந்தி வீட்டுத் துக்கத்துக்குப் பெற்றோர் போகாதிருக்க முடியுமா? அடக்கத்துக்கு முன்னர் ஒருமுறை முகம் பார்க்க வேண்டும் என்பதே அவர்களுடைய தவிப்பு. எவ்வளவு நேரத்தில் சென்று சேர்வர்?

மங்கலம்பேட்டையிலிருந்து திருச்சி விமான நிலையம் சாலை வழியாக ஏறத்தாழ 140 கி.மீ. பேருந்தில் மாறிச் செல்வதாயின் மூன்றரை மணி. வெளிநாட்டுப் பயணமாதலால் குறைந்தது இரண்டரை மணி முதல் மூன்று மணி முன்னதாகவே நிலையத்தை அடைய வேண்டும். பறப்பது ஒரு மணி. பலாலியில் கடவுச்சீட்டுச் சோதனைக்கும் சுங்கச் சோதனைக்கும் முக்கால் மணி. அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்கு மேலும் முக்கால் மணி. எல்லாம் சேர்ந்து ஒன்பது மணி நேரம். இதில் வானில் இருந்தது ஒரே மணி. எஞ்சிய எட்டும் தரையில் கழிந்தவை.

நேர்கோட்டுத் தொலைவான 220 கி.மீட்டரை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 24 கி.மீ. என்று வரும். விமானத்தில் சென்றும், நம்மவர் ஒரு மொபெட் வண்டியின் வேகத்தில்தான் சென்றிருக்கின்றனர்! சென்னை வழியாகச் சென்றால் இன்னும் கூடுதலாகும். தெற்கே போக வேண்டியவர் முதலில் 200 கி.மீ. வடக்கே போகிறார், பின்னர் விமானம் அவரை மீண்டும் தெற்கே கொண்டு வருகிறது. கடலூர்க் கரைக்கு இணையாக அது பறக்கும் நேரத்தில், காலையில் பூட்டிவந்த தம் வீட்டின் திசையை அவர் சாளரத்தின் வழியே காணவும் கூடும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் விடப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. கடல்வழித் தொலைவு 60 கடல் மைல், அதாவது 111 கி.மீ.; ஏறத்தாழ நான்கு மணிப் பயணம். மங்கலம்பேட்டையிலிருந்து நாகை சென்று, சோதனைகளை முடித்து, கடலைக் கடந்து சேர்வதற்குப் பன்னிரண்டு மணி ஆகலாம். விமானத்தின் வேகம் கப்பலின் வேகத்தைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும் வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மூன்று மணியே!

உலகின் ஓரங்களில்

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அங்கு வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரண்டு சிறு தீவுகளுக்கிடையே 1967 முதல் லோகன் ஏர் நிறுவனத்தின் சிறு விமானம் பறந்து வருகிறது. தொலைவு வெறும் 2.7 கி.மீ. அட்டவணையில் குறித்த நேரம் இரண்டே நிமிடம்! காற்று துணைநின்றால் ஒரு நிமிடத்துக்குள்ளும் இறங்கிவிடும். ஆசிரியர்களும் மருத்துவர்களும் நோயாளிகளும் அதில் செல்கின்றனர். உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் எனப் புகழ்பெற்ற இது, கேளிக்கைக்காக விடப்பட்டதன்று. தீவில் வாழும் சிலநூறு பேரும் மனிதரே என்று கருதி விடப்பட்டது.

மற்றொன்று, மாவீரன் நெப்போலியன் சிறையிருந்து 1821இல் உயிர்நீத்த செயிண்ட் எலினாத் தீவு. தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே தனித்து நிற்கும் அத்தீவுக்குக் கேப்டவுனிலிருந்து கப்பலில் ஐந்தாறு நாள் செல்ல வேண்டியிருந்தது. 2017 அக்டோபரில் அங்கு விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. ஜொகானஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தீவை அடையலாம் என்றாயிற்று. தீவு தன் இடத்தைவிட்டு ஓரடியும் நகரவில்லை. ஆயினும் நாள்கள் மணிகளாயின.

இவ்வளவு தொலைவு செல்வானேன்? மங்கலம்பேட்டைக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 1680இல் இத்தாலியில் பிறந்தவர். அவர் காலத்தில் லிஸ்பனிலிருந்து கோவா வந்துசேரக் கப்பலுக்கு ஏறத்தாழ ஆறு திங்கள் ஆகும். பெற்றோர் இறந்த செய்தி எட்டுவதற்கே ஓராண்டு கழியும். புறப்படும் நாளிலேயே இனித் திரும்புவதில்லை என்று துணிந்தவர்களே அன்று கப்பலேறினர். இன்று ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு ஓர் இரவுப் பயணம். இந்த மாபெரும் மாற்றத்தை எண்ணும்போது, 220 கி.மீ. செல்ல ஒரு பகல் ஆகின்றது என்பது விந்தையாகவே இருக்கிறது.

எழுதாத நேரம்

அட்டவணையில் எழுதப்படாத நேரம் ஒன்று உண்டு. அது காத்திருக்கும் நேரம். நாளொன்றுக்கு ஒரே விமானம் உள்ள வழியில், எதிர்பாராத துயரச் செய்தி பெற்றவர் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க நேரும். கிழமைக்கு மூன்றே விமானங்களாயின், அச்சராசரி ஒரு நாளைக் கடந்துவிடும். மேலே கூறிய ஒன்பது மணியுடன் இதனையும் கூட்டிப் பாருங்கள். விமானம் எத்துணை விரைவாகப் பறந்தாலும், அதற்குள் அடக்கம் முடிந்துவிடும். விமானத்தின் வேகத்தைக் கூட்டுவதால் இக்குறை நீங்காது. மேலும் ஒருமுறை பறக்கச் செய்வதாலும், அருகிலிருந்து பறக்கச் செய்வதாலும், கடவுச்சீட்டும் பயண அனுமதியும் எளிதிற் கிடைக்கச் செய்வதாலுமே நீங்கும்.

சிற்றூர்களுக்கு விமானம் எதற்கு, அது செல்வர்களின் ஊர்தியன்றோ என்று வினவுவோர் உண்டு. இருக்கைகள் நிரம்பாவிடின் நிறுவனத்துக்கு இழப்பே என்பதும் உண்மையே. வாயுதூத் காலம் முதல் பல வழிகள் அவ்வாறே நின்றன. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் விமான நிலையம் வேண்டும் என்று இங்கு வாதிடவில்லை. மங்கலம்பேட்டையிலிருந்து திருச்சி நிலையத்துக்கு இணைப்புத் தவறாத பேருந்தும், அங்கே சுருங்கிய வரிசையும், நிற்காமல் தொடரும் ஒரு நாள்-ஒரு விமானமும் வாய்த்தாலே போதும். ஒன்பது மணி ஆறாகக் குறையும். புறப்படுவோரும் நிறுவனத்தின் அன்றைய அட்டவணையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுதல் நன்று. பயண ஆவணங்களை வீட்டில் ஆயத்தமாக வைத்திருத்தல் அதனினும் நன்று. துயரம் நேரம் சொல்லி வருவதில்லை.

இயற்கை நம் இரு கரைகளையும் மிக அருகருகே வைத்தது. அந்தத் தொலைவு 1947இலும் 220 கி.மீ.தான், 1990இலும் அவ்வளவே, இன்றும் அவ்வளவே. அதே தொலைவை ஒன்றரை மணியாகவும், ஒரு வாரமாகவும், கடக்கவே இயலாத பெருவெளியாகவும் ஆக்கியவர்கள் மனிதர்கள். போருக்கென அமைந்த பலாலித் தளத்தில் இன்று பேரப்பிள்ளையைக் காணச் செல்லும் பாட்டிமார் இறங்குகின்றனர். அங்ஙனம் இறங்கும் ஒவ்வொரு முறையும், நிலத்தை இழந்து நிற்கும் அப்பகுதி மக்களையும் நாம் நினைத்தல் தகும். திறந்த வழி இனியும் மூடாதிருக்க வேண்டும் என்பதே இரு கரைகளிலும் உறவுகளைக் கொண்ட குடும்பங்களின் வேண்டுதல்.